புரோஸ்டேடெக்டமி: சுரப்பி முழுநீக்கம்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முதியவரைச் சேர்த்திருக்கும் வீட்டாரை விசாரித்தால், "புரோஸ்டேட் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லுதாவ" என்பார்கள். புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அதில் எந்த ஆபரேஷன் என்பது அந்தச் சொல்லில் விளங்காது.

'புரோஸ்டாட்டெஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னே நிற்பவர் என்று பொருள்; 'எக்டமி' என்பது வெட்டி அகற்றுதல். 'முன்னிற்கும் சுரப்பி' என்ற தமிழாக்கம் அந்த மூலப்பொருளைத் தழுவியது. சிலர் எழுதும் 'விந்துச் சுரப்பி' எனக்கு உடன்பாடானதன்று. விந்தணு உருவாவது விதைகளில், இச்சுரப்பி விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பதோடு சரி.

புற்றுநோய் சுரப்பியைத் தாண்டிப் பரவாத நிலையில் செய்யப்படும் 'ராடிக்கல் புரோஸ்டேடெக்டமி'யில், சுரப்பியையும் விந்துப் பைகளையும், தேவையானால் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிறுநீர்க் குழாயோடு மீண்டும் இணைத்துத் தைக்கிறார்கள். தையல் ஆறும்வரை சில நாட்கள் சிறுநீர் வடியும் டியூப் இருக்கும். 'ராடிக்ஸ்' என்றால் லத்தீனில் வேர் என்பதால் 'வேரோடு நீக்கல்' எனலாம். ஆயினும் நோயே வேரற்றுப் போனதாக நம்பவைக்காத 'சுரப்பி முழுநீக்கம்' என்பதே பொருத்தமானது. இதை 1904இல் ஹியூ ஹாம்ப்டன் யங் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட வழியாகச் செய்தார். விறைப்புக்கான நரம்புகளைக் காக்கும் முறையை 1982இல் பேட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். வயிற்றைத் திறந்தாலும், சிறு துளைகள் வழியே ரோபோ கொண்டு செய்தாலும் அகற்றப்படுவது அதே சுரப்பிதான். சிறுநீர் கசிவும் விறைப்புக் குறைவும் எந்த முறையிலும் நேரக்கூடும்.

குழப்பம் மிகுவது 'டியுஆர்பி' (TURP) என்ற ஆபரேஷனில். வெளியே கத்தி படாமல், சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, நீரை அடைக்கும் உட்சதையை மட்டும் சீவி எடுக்கும் இம்முறைக்கு 'உள்வழிச் சுரண்டல்' என்று சொல்லலாம். இது பெரும்பாலும் புற்றல்லாத வீக்கத்துக்குச் செய்யப்படுவது. புற்றுநோயாளிக்குச் செய்தாலும் அடைப்பை நீக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. பெரும்பாலான புற்றுகள் தொடங்கும், சுரப்பியின் வெளிப்பகுதி எடுக்கப்படாமல் உடலிலேயே இருப்பதால், "அதான் முன்னமே எடுத்தாச்சே" என்று பிற்காலப் பரிசோதனையைத் தவிர்ப்பது தவறு.

நோய் பரவியவர்களுக்கு, புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனைக் குறைக்கச் செய்யும் 'ஆர்க்கிடெக்டமி'யில் சுரப்பியைத் தொடுவதே இல்லை. இதற்கு 'விதை நீக்கம்' என்ற சொல்லே போதும். இதன் பயனை 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஊசி மருந்தாலும் அதே பயனை அடைய முடிவதால், கூச்சத்தால் தலையாட்டிவிடாமல், விதையை எடுப்பதா, ஊசியா என்பதை நோயாளி கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.