சட்டை முதலில், மைலோ அப்புறம்

"அக்கா, மைலோ இருக்கா?"

கூடாரத்துக்குள் வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான். இடம், சுவிட்சர்லாந்தின் ஷாம்பே ஏரிக்கரை; கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,470 மீட்டர். அங்கே சனிக்கிழமை இரவு 10 மணி. மலேசியாவில் எங்கள் ஊரான பினாங்கில் ஞாயிறு அதிகாலை 4 மணி. அம்மா தூங்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி ஓடிக்கொண்டிருந்தது, ஆல்ப்ஸின் மோண்ட் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றி 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் யூடிஎம்பி பந்தயம். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 10,000 மீட்டர். 833 மீட்டர் உயரமுள்ள நம் பினாங்குக் கொடிமலையைக் கடற்கரையிலிருந்து பன்னிரண்டு முறை ஏறினால் அவ்வளவு வரும்.

சூடான சாக்லேட் பானமான மைலோ இருந்த பிளாஸ்கைத் திறக்காமல், "முதல்ல சட்டையக் கழட்டு" என்றேன். முறைத்தான்.

குளிர் மலையில் ஓடுகிறவருக்கு ஆபத்து ஓடும்போது குறைவு, நின்றபிறகுதான் அதிகம். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்பங்குகூட ஓட்டமாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். மலையேறுகிறவர் உடலில் 500, 600 வாட் வெப்பம் பிறக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 100 வாட் அளவுதான். அதனால்தான் அவன் மெல்லிய சட்டையோடு கணவாயைத் தாண்டி வந்தான். நான் இரண்டு ஜாக்கெட் போட்டும் கூடாரத்து வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அடுப்பு தணிந்துவிடுகிறது. ஆனால் வெப்பத்தை வெளியேற்ற விரிந்த தோலின் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. சட்டையோ தொப்பலாக நனைந்திருக்கிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு, அந்த ஈரம் ஆவியாகவும் வெப்பம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டையில் 200 கிராம் வியர்வை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஆவியாக 115 கிலோகலோரி தேவை. பெரும்பகுதியை உடம்புதான் கொடுக்க வேண்டும். 60 டிகிரிச் சூட்டில் 300 மில்லி மைலோ குடித்தால், அந்தச் சூடு உடலுக்குத் தருவது 7 கிலோகலோரிதான். 60 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றவே சுமார் 50 கிலோகலோரி வேண்டும். ஒரு கோப்பை மைலோ டிகிரியில் ஏழில் ஒரு பங்கு கூட்டும். ஈரச் சட்டை இரண்டு டிகிரிக்கு மேல் இழுத்துவிடக்கூடியது. இந்தக் கணக்கைப் பினாங்கிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

மைலோ வீண் என்று சொல்லவில்லை. அதன் சூட்டைவிட அதிலுள்ள சர்க்கரை பெரிது. நடுக்கம் என்பது தசைகள் வெப்பத்துக்காகவே செய்யும் வேலை. ஓய்வு நேர வெப்பத்தைப் பலமடங்கு கூட்டும். அதற்கும் எரிபொருள் வேண்டுமே! 28 மணி நேரம் ஓடியவன் தசையில் மாவுச்சத்து இருப்பு கிட்டத்தட்ட காலி. இனிப்பு உள்ளே போனால்தான் நடுங்கவாவது தெம்பு வரும்.

உள்ளுடலின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் மூளையும் மந்தமாகிவிடும். "எனக்கு ஒன்னுமில்ல" என்று அவனே சொன்னாலும் நம்பக் கூடாது. நாக்குக் குழறுகிறதா, ஜிப்பைப் பிடிக்க விரல் தடுமாறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா என்று கூட வந்தவர்தான் பார்க்க வேண்டும். உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில், திடீரென்று உறைமழையும் சூறைக்காற்றும் வந்து 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். மெல்லிய அவசரப் போர்வைகளைக் காற்று கிழித்துப் போட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், தம்பி ஜாக்கெட்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொள்ளப் பழகினானா என்று கேட்டுக் கேட்டு அவனைத் தொல்லைப்படுத்தியிருக்கிறேன்.

சரி, உற்சாகப்படுத்துவதால் பயனுண்டா? உண்டு. களைப்பு தசையில் மட்டும் இருப்பதில்லை. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று மூளை எடைபோடுவதும் சேர்ந்ததுதான் அது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் மிதித்தவர்களுக்கு அவர்களே உணராத வேகத்தில் திரையில் முகங்களைக் காட்டினார்கள். சிரித்த முகம் காட்டப்பட்டபோது, சோக முகம் காட்டப்பட்டபோது மிதித்ததைவிடக் கூடுதல் நேரம் மிதித்தார்கள். கஷ்டமும் குறைவாகத் தெரிந்ததாம். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில், காவடி எடுப்பவர் தளரும் இடத்தில் சுற்றியிருப்பவர்கள் "வேல் வேல்" என்று குரல் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

அதனால் பயத்தை முகத்தில் காட்டாமல் சிரித்தேன். காய்ந்த சட்டை, அதன்மேல் ஜாக்கெட், தொப்பி, பிறகு மைலோ. அவன் குடிக்கும்போது போனைக் காதில் வைத்தேன். அம்மா என்ன சொன்னாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஜிப்பை அவனே இழுத்து மூடினான், விரல் தடுமாறவில்லை. அடுத்த ஏற்றத்தில் அவனுடைய தலைவிளக்கு மரங்களுக்கிடையே மறையும்வரை நின்றேன். கையிலிருந்த ஈரச் சட்டை அதற்குள் சில்லிட்டிருந்தது.