மலையடியில் தோட்டம் போட்டிருக்கிறீர்களா? மைகேப் மண் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா மிளகாய் போட்டிருந்தார். குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உரம் விற்றவர் "மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடுங்க" என்றார். அக்கா இரண்டு மூட்டை வாங்கிப் போட்டார், செடி இன்னும் வெளுத்தது. அப்புறம் ஒரு கைப்பிடி மண்ணில் வினிகரை ஊற்றிப் பார்த்தோம், சோடாவைப் போலப் பொங்கியது. சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருந்த மண் அது.

நம் ஆட்கள் தோட்டத்தில் கற்றுக்கொண்டது, மலேசிய மண் புளிப்பு மண் என்பதுதான். பெரும்பாலும் அது சரியே. ஆனால் செம்மோர் பக்கம் குனோங் கந்தானில் தொடங்கி ஈப்போ, கோப்பேங் வரை சுண்ணாம்புப் பாறை மலைகள் நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் மண்ணின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7-க்கு மேல் என்றால் காரம்) 7.5, 8 என்று போகும் இடங்களும் உண்டு. அங்கே இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. பாஸ்பேட்டைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். செம்பனைக்குப் போட்டுப் பழகிய கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் கரைவதற்குப் புளிப்பு வேண்டும், அதனால் இங்கே அது கல்லாகவே கிடக்கும். யூரியாவை மேலாகத் தூவினால் ஒரு பங்கு அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும், அதனால் மண்ணுக்குள் புதைத்துப் போடுங்கள்.

சரி, இதில் அரசாங்கத் திட்டம் எங்கே வருகிறது? நல்ல விவசாய முறையைக் கடைப்பிடிக்கும் தோட்டங்களுக்கு விவசாயத்துறை 2013 முதல் கொடுக்கும் மைகேப் (myGAP) சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து பார்ப்பார்கள். மண், தண்ணீர், விளைச்சல் மூன்றிலும் மாதிரி எடுத்துக் காரீயம், காட்மியம் போன்ற நச்சுக் கன உலோகமும் பூச்சிமருந்து எச்சமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய ஈயலம்பத்து (வெள்ளீயச் சுரங்கத்து) நிலத்தில் கீரை போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சுண்ணாம்பு மண் காரீயம், காட்மியம் போன்றவற்றைக் கார்பனேட்டாக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதனால் அவை செடிக்குள் ஏறுவது குறையும். இரும்பைப் பூட்டி வைக்கிற அதே மண்தான் காரீயத்தையும் பூட்டி வைக்கிறது. ஆனால் ஆர்சனிக் என்ற நஞ்சை அந்த மாதிரி பிடிக்காது, பிஎச் ஏறினால் அது இளகவும் செய்யலாம். இன்னொன்று, மஞ்சளைப் போக்குகிறேன் என்று கந்தகத்தையும் அமோனியம் சல்பேட்டையும் வருடக்கணக்கில் கொட்டினால் மண் மெல்லப் புளித்து, பூட்டியிருந்த காட்மியம் வெளியே வரும். லம்ப நிலத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மஞ்சளுக்கு இரும்புச் சத்தை இலையில் தெளியுங்கள். மண்ணில்தான் போட வேண்டுமென்றால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு கேளுங்கள், இடிடிஏ (EDTA) வகை இந்த மண்ணில் நிற்காது.

விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை நகல், நிலப் பத்திரம், உரமும் மருந்தும் எப்போது எவ்வளவு போட்டீர்கள் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். நிலப் பத்திரத்தில்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம். கிராண்ட் (சொந்த நிலப் பட்டா) இல்லாவிட்டாலும் குத்தகைப் பத்திரமோ, அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமமான டிஓஎல்லோ (TOL) இருந்தால் காட்டலாம். டிஓஎல் ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் காலாவதியாகும், புதுப்பித்த பிறகே போங்கள். சுங்கை சிப்புட்காரர்கள் கோலகங்சார் மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

அதிகாரி வரும்போது "இது மலையடி மண், வினிகர் ஊற்றினால் பொங்குது, முன்பு லம்பமாக இருந்த இடம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிஎச்சையும் ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அக்கா இப்போது மூன்றாவது மூட்டைச் சுண்ணாம்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, உரக் கணக்கு எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.