டெரட்டோஜென் என்னும் கருவுருத்திரிப்பி

முடக்குவாதம், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் போன்ற அழற்சி நோய்களுக்கு மருந்து எழுதும் மருத்துவர், பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு விளக்கியே ஆக வேண்டிய சொல் டெரட்டோஜென். கருவில் உறுப்புகள் உருவாகும் வேளையில் அவற்றின் அமைப்பைத் திரித்துவிடும் மருந்து, கிருமி, கதிர்வீச்சு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயர்.

கிரேக்க மொழியில் 'தெராஸ்' என்பது தீக்குறி, அச்சமூட்டும் அரக்க உரு என்ற பொருள்களைத் தரும். 'கென்' என்பது பிறப்பித்தலைக் குறிக்கும். பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜெஃப்ராய் செயிண்ட்-இலேர், பிறவி உருமாற்றங்களை ஆராயும் துறைக்கு 1832இல் இந்த வேரிலிருந்தே பெயர் அமைத்தார். ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளும் விழுங்கிய தூக்க மருந்தான தாலிடோமைடு, கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பின் 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகுதான் இச்சொல் மருந்துச் சீட்டுவரை வந்து சேர்ந்தது. பிறந்த குழந்தையை அரக்க உருவாகக் கண்ட பார்வை அதன் வேரிலேயே இருக்கிறது. அதை நாம் தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'விகாரம்' என்ற சொல்லை எடுத்தாலும் அதே சிக்கல்தான், ஏனெனில் பேச்சில் அதற்கு அருவருப்பான தோற்றம் என்ற பொருள் ஏறிவிட்டது. ஆனால் நம் இலக்கணம் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறபோது எந்த எழுத்தையும் இழிவுபடுத்துவதில்லை. மாற்றத்தை மட்டுமே சொல்கிறது. அந்தத் 'திரிதல்' நமக்கு உதவும். 'கருத்திரிப்பி' என்றால் கருத்தைத் திரிப்பது என்று படித்துவிட இடமுண்டு. எனவே 'கருவுருத்திரிப்பி' என்பதை முன்வைக்கிறேன். குறை மருந்தின் செயலில் இருக்கிறது, குழந்தையின் மேல் அன்று என்பதை இச்சொல்லே காட்டிவிடும்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் 'கருவைக் கலைக்கிற மாத்திரை' என்றும் 'கருவுக்கு ஆகாத மாத்திரை' என்றும் சொல்வார்கள். முதலாவது பாதி உண்மை. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட், ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் வேலையைத் தடுத்துச் செல் பிரிவதைக் குலைப்பதால், கரு கலையவும் கூடும்; கலையாமல் நிலைத்த கருவின் உரு திரியவும் கூடும். 'கலைக்கிற' என்ற சொல் இந்த இரண்டாவது ஆபத்தை மறைத்துவிடுகிறது. இரண்டாவது வழக்கோ அளவுக்கு மீறி விரிந்துவிடுகிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் சித்தி மகள் பிள்ளைக்கு ஆசைப்பட்டபோது, "கருவுக்கு ஆகாதுன்னு சொன்னாங்கக்கா, அதான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றாள். அவள் நிறுத்தியவற்றில், மூட்டு அழற்சியை அடக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் இருந்தது. இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வீங்கி, இலையை மடிக்கவே முடியாமல் போயிற்று.

ஹைட்ராக்சிகுளோரோகுவின் கருவுருத்திரிப்பி அன்று; லூப்பஸ் உள்ள கர்ப்பிணி அதைத் தொடர்வதே நல்லது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். இந்நோய்களுக்கே தரும் சல்ஃபாசலசினையும், அளவு மீறாத அசத்தியோப்ரினையும் தொடரலாம். சல்ஃபாசலசின் ஆணின் விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும். அதுவும் உருத்திரிப்பு ஆகாது. நோய் அடங்காத உடலில் கரு தங்கினால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடுவதால், எல்லா மருந்தையும் ஒரே பெயரால் ஒதுக்குவது தாயையும் சேயையும் சேர்த்தே வதைக்கும்.

இச்சொல்லுக்குக் காலமும் உண்டு. உறுப்புகள் பெரும்பாலும் கருவுற்ற 3ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரத்துக்குள் உருவாகின்றன. கருவுற்றதைப் பெண் அறியும் முன்பே பெரும்பாலும் அந்த வேலை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் மெத்தோட்ரெக்சேட்டை ஒன்று முதல் மூன்று மாதம் முன்பும், லூப்பஸுக்குத் தரும் மைக்கோஃபினலேட்டை ஆறு வாரம் முன்பும், மருத்துவர் சொற்படி மாற்று மருந்துக்கு வந்து நிறுத்துகிறார்கள். முடக்குவாத மருந்தான லெஃப்லுனமைடு இரண்டு ஆண்டுவரை கூட உடலில் தங்கக்கூடும் என்பதால், கோலஸ்டிரமின் என்னும் வேறொரு மருந்தைக் கொடுத்து அதை வெளியேற்றுகிறார்கள். இதற்கு மாறாக, கர்ப்பத்தின் பிற்பகுதியில் இபுப்ரோஃபென் போன்ற, அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது, அவை குழந்தையின் இதயத்தருகே உள்ள இரத்தக்குழாயை முன்கூட்டியே மூடச்செய்யக்கூடும் என்பதற்காக. உறுப்புகள் உருவாகி முடிந்த பின் நேரும் அந்தத் தீங்குக்குக் கருவுருத்திரிப்பு என்ற பெயர் பொருந்தாது.

ஆகவே சீட்டில் 'கருவுக்கு ஆகாது' என்று பொதுப்பட எழுதாமல், 'மெத்தோட்ரெக்சேட் கருவுருத்திரிப்பி; பிள்ளைக்கு முயலும் முன்பே வந்து மாற்றிக்கொள்ளவும்; மற்ற மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்' என்று மருந்தின் பெயரோடு எழுத வேண்டும்.