நடுவில் இருட்டு, சுற்றிலும் தகவல்: முறுக்கிய ஒளி வேலை செய்யும் விதம்

சாதாரண லேசரைச் சுவரில் அடித்தால் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். ஒளிச்சுழல் கற்றையை அடித்தால் விழுவது ஒரு வளையம், நடுவில் கும்மிருட்டு. அங்கே யாரும் எதையும் வைத்து மறைக்கவில்லை, ஒளியே தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

சாதாரணக் கற்றையின் அலைமுகங்கள், அதாவது அலையில் ஒரே நிலையில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்த பரப்புகள், அடுக்கி வைத்த காகிதங்கள் மாதிரி தட்டையாகப் போகும். சுழல் கற்றையில் அவை திருகாணியின் மரை போல முறுக்கிக்கொண்டு போகும். அச்சை ஒரு சுற்று சுற்றி வந்தால் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், ஒரு முழுச் சுழற்சி நகர்ந்திருக்கும். இரண்டோ மூன்றோ கூட நகரலாம், ஆனால் ஒன்றரை ஆகாது, ஏனென்றால் புறப்பட்ட இடத்தில் அலை பிசிறில்லாமல் சேர வேண்டும். நட்டநடுவில் எல்லாக் கட்டங்களும் ஒரே இடத்தில் மோதுவதால் அங்கே ஒளி இல்லை. இப்படிப்பட்ட கற்றையின் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) இந்த முறுக்கு எண்ணுக்கு, அதாவது ஒரு சுற்றில் எத்தனை முழுச் சுழற்சி என்பதற்கு, ஏற்ற கோண உந்தத்தை (சுழல் உந்தத்தை) சுமக்கிறது என்று 1992-இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, இதில் தகவல் எங்கே வருகிறது? ஒரே நிறத்தில், ஒரே பாதையில், 1, 2, 3 என்று வெவ்வேறு முறுக்குள்ள கற்றைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அனுப்பலாம், ஒவ்வொன்றிலும் தனித்தனித் தகவல். மறுமுனையில் மூன்றாம் எண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால், எதிர்த்திசையில் மூன்று முறுக்குக் கொடுக்கும் ஒரு தகட்டை வழியில் வைத்தால் போதும். மூன்றாவது கற்றை முறுக்கு அவிழ்ந்து தட்டையாகிவிடும், லென்ஸ் அதை நடுப்புள்ளியாகக் குவிக்கும். ஒன்றாம் எண் எதிர்ப்பக்கம் இரண்டு முறுக்காக மாறினாலும் வளையமாகவேதான் இருக்கும். நடுவில் ஒரு ஊசித்துளை வைத்தால் தேவையானது மட்டும் உள்ளே வரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அவ்வளவு எளிமை.

2012-இல் இந்த முறுக்கோடு ஒளியின் முனைவாக்கத்தையும் (அலை அதிரும் திசையையும்), வளையத்துக்குள் வளையம் வைக்கும் உத்தியையும் சேர்த்து 32 தகவல் ஓடைகளாக நொடிக்கு 2.56 டெராபிட் (ஒரு டெராபிட் என்றால் ஒரு லட்சம் கோடி பிட்) அனுப்பிக் காட்டினார்கள். தூரம்? சுமார் ஒரு மீட்டர், ஆய்வக மேசையில்!

வெளியே போனால் காற்று சும்மா விடாது. சூடும் குளிருமான காற்றுப் பொதிகள் அலைமுகத்தைக் கசக்க, மூன்றில் போட்ட ஒளி கொஞ்சம் இரண்டுக்கும் நாலுக்கும் கசிந்து பக்கத்துத் தகவலோடு கலக்கும். 2014-இல் வியன்னா நகரின் மேல் 3 கிலோமீட்டர் அனுப்பியபோது, திரையில் விழுந்த வடிவங்களைக் கேமராவில் பிடித்து, எது எது என்று நரம்பு வலையமைப்பு என்னும் கற்றுக்கொள்ளும் கணினி நிரலை விட்டுத்தான் அடையாளம் காண வைத்தார்கள். அப்புறம் 2016-இல் கேனரித் தீவுகளான லா பால்மாவுக்கும் டெனெரிஃபேக்கும் இடையே 143 கிலோமீட்டர் கடந்தது, ஆனால் போனது ஒரு சின்னச் செய்திதான்.

முறுக்கு எண்ணுக்கு வரம்பே இல்லை, அதனால் எல்லையற்ற தகவல் என்று பேசுவதை நான் நம்பவில்லை. எண் கூடக் கூட வளையம் அகலும், தூரம் போகப் போக இன்னும் விரியும், ஒரு கட்டத்தில் அது வாங்கும் தொலைநோக்கியின் வாயை விடப் பெரிதாகி, நடு இருட்டு மட்டும்தான் உள்ளே விழும்.