கஸ்டம்ஸுக்கு ஒரு விலை, இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை

"தம்பி, கஸ்டம்ஸுக்கு அஞ்சாயிரம்னு போட்டுடுங்க, இன்ஷூரன்ஸுக்கு மட்டும் நிஜ விலையப் போட்டுக்கலாம்."

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கு வைத்ததில்லை. வெளிநாட்டுப் பார்சல், ஏர் கார்கோ என்று சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பாதிக் காலம் புக்கிங்கில் இருந்தேன். இப்போது உடைந்தது, காணாமல் போனது, நனைந்தது என்று வருகிறவர்களின் கிளெய்ம் ஃபைல்களைப் பார்ப்பதுதான் வேலை. புக்கிங்கில் இருந்தபோது நானும் "சரிம்மா, போட்டுடலாம்" என்று தலையாட்டியவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

2017இல் தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். டொராண்டோவில் இருக்கும் மருமகளுக்கு வீணை அனுப்ப வேண்டும். ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை, சொல்லிவைத்துச் செய்தது, விலை 1,40,000 ரூபாய். அந்தப் பில்லையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனால் ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம், மருமகள் 18,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இன்வாய்ஸில் 'பழைய இசைக்கருவி, 5,000 ரூபாய்' என்று போடச் சொன்னார். நானும் போட்டேன். இன்ஷூரன்ஸ் சான்றிதழில் 1,40,000 போட்டேன். இரண்டு தாளும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் பெட்டியோடு போயின.

வீணை போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்கு மேலே ஒரு கீறல் இல்லை. மருமகள் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார். புது வீணையை நல்ல நாள் பார்த்துத்தானே வெளியே எடுப்பார்கள்? சரஸ்வதி பூஜை வரட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமலே பூஜை அறையில் வைத்திருந்தார்கள். பதினேழாவது நாள் பூஜைக்காகத் திறந்தால், குடமும் தண்டியும் (நீளமான கைப்பகுதி) சேரும் இடத்தில் விரிசல் ஓடி, யாளி முகம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்று கேட்டோம். 5,000 ரூபாய் பொருளுக்கு 1,40,000 ரூபாய் பாலிசி எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். தஞ்சாவூர்ப் பில்லைக் காட்டினோம். அப்படியென்றால் கஸ்டம்ஸுக்குக் கொடுத்தது பொய் இன்வாய்ஸ் என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்களா என்று அடுத்த கடிதம் வந்தது. அதற்கு என்ன பதில் எழுத முடியும்? விமான நிறுவனத்திடம் போனோம், புகார் 14 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆக, இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது. 18,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீணையே போனது, அந்தப் பேனாவைப் பிடித்தவன் நான்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்வதுண்டு. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் அவர்கள் பக்கம். 1963ஆம் ஆண்டு மரைன் இன்ஷூரன்ஸ் சட்டப்படி இது முழு நம்பிக்கையின் மேல் நிற்கிற ஒப்பந்தம். பொருளைப் பற்றிய முக்கியமான தகவலில் பொய் இருந்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. (விமானத்தில் போகிற வீணைக்கு எதற்கு மரைன் பாலிசி என்று கேட்காதவர்கள் இல்லை. லாரி, ரயில், விமானம், கூரியர் எதில் போனாலும் சரக்கு இன்ஷூரன்ஸுக்குப் பெயர் மரைன்தான், கப்பல் காலத்தில் ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை.) 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா, 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குக் கொடுத்துவந்த வரி விலக்கை எல்லா நாடுகளுக்கும் நிறுத்திய பிறகு, விலையைக் குறைத்துப் போடச் சொல்லி வருகிறவர்கள் எங்கள் ஆபீஸில் இன்னும் கூடியிருக்கிறார்கள். வரி கட்டுவது வயிற்றெரிச்சல்தான், ஆனால் எந்த விலை இன்வாய்ஸில் ஏறுகிறதோ அந்த விலைக்குத்தான் அந்தப் பொருள் எல்லை தாண்டுகிறது. உடைந்த பிறகு வேறு விலை சொன்னால் எடுபடாது.

ஏர்வே பில்லை, அதாவது விமானச் சரக்குக்குத் தரும் சீட்டை, கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் பாருங்கள். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. சுமந்து செல்வதற்கான அறிவிப்பு மதிப்பு ஒன்று, கஸ்டம்ஸுக்கான மதிப்பு ஒன்று, இன்ஷூரன்ஸ் தொகை ஒன்று. முதல் கட்டத்தில் பெரும்பாலும் என்.வி.டி. என்று அடித்திருக்கும். மதிப்பு எதுவும் அறிவிக்கவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் பொருள் தொலைந்தாலும் உடைந்தாலும் விமான நிறுவனம் கிலோ கணக்கில்தான் பணம் கொடுக்கும். 1999ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையில் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம் அது, நம் காசில் கிலோவுக்கு மூவாயிரம் ரூபாய்ச் சொச்சம் வரும்.

கல்யாணத்துக்கு ஆறு காஞ்சிபுரம் பட்டுப் புடவை அனுப்புகிறீர்கள், ஒவ்வொன்றும் 35,000. எல்லாம் சேர்த்துப் பெட்டி 5 கிலோ. தொலைந்தால் 2,10,000 ரூபாய்ப் புடவைக்குக் கிடைப்பது அதிகபட்சம் பதினைந்தாயிரம், பதினாறாயிரம். ஜரிகை கூடக் கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லது என்று நாங்கள் ஆபீஸில் கேலி பேசுவோம். இன்னொரு வேடிக்கை, கூரியரில் காசு வாங்கும்போது பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எடைக்கு வாங்குவார்கள். 150 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம் என்றால் 75 கிலோவுக்குக் கட்டணம். நஷ்ட ஈடு என்று வந்தால் தராசில் வைத்த 24 கிலோவுக்குத்தான் பேச்சு.

அந்த முதல் கட்டத்தில் நிஜ மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும். பல கூரியர் நிறுவனங்களும் இதே வசதியைத் தருகின்றன. ஒன்றும் அறிவிக்காவிட்டால் பொறுப்பு 100 டாலர் என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தில் போட்டிருப்பவர்களும் உண்டு. ஆனால் மதிப்பை அறிவிப்பது இன்ஷூரன்ஸ் ஆகாது. தன் பொறுப்பின் உச்சவரம்பைத்தான் கூரியர்காரர் உயர்த்திக்கொள்கிறார். அவர் பொறுப்பே இல்லை என்று நிரூபித்துவிட்டால் அந்த உயர்ந்த வரம்பால் உங்களுக்குப் பைசா வராது. பில்லில் 'இன்ஷூரன்ஸ் ரூ. 800' என்று ஒரு வரி இருக்கிறது, அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், உங்கள் பெயர், பொருளின் பெயர், தொகை இவ்வளவும் உள்ள ஒரு தாள். "அது எங்க ஓப்பன் பாலிசியில கவர் ஆயிடும் சார்" என்று (எல்லாப் பார்சலுக்கும் சேர்த்து அவர்கள் எடுத்துவைத்திருக்கும் பாலிசி அது) சொன்னால், சரி, அதிலிருந்தே என் பெயருக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்று சொல்லுங்கள். தர முடிந்தவர்கள் அன்றைக்கே தந்துவிடுவார்கள்.

சான்றிதழில் 'ஆல் ரிஸ்க்' என்றோ 'ஏ' பிரிவு, 'ஏர்' பிரிவு என்றோ இருந்தால் நல்லதுதான். ஆனால் ஆல் ரிஸ்க் என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். போதாத பேக்கிங், தாமதம், பொருளின் சொந்தக் குணத்தால் வரும் சேதம் இவை மூன்றுக்கும் பணம் வராது. போரும் வேலைநிறுத்தமும் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

பொருளின் சொந்தக் குணம் என்றால் என்ன? இதற்கும் வீணையையே சொல்கிறேன். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருப்பவை. மே மாதம் மீனம்பாக்கத்தில், விமானத்தில் ஏற்றுவதற்கு முன் பெட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றாலே மெழுகு இளகிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் மெட்டுகள் சரிந்து கிடக்கும். யாரும் இடிக்கவில்லை, யாரும் கீழே போடவில்லை, மெழுகு உருகுவது மெழுகின் குணம் என்று, சேதத்தைப் பார்வையிட வரும் சர்வேயர் எழுதுவார். எனக்குத் தெரிந்து இதில் வாதாடி ஜெயித்தவர் இல்லை. அதனால் வீணை அனுப்புகிறவர்களிடம் கார்த்திகை, மார்கழியில் அனுப்புங்கள், முடியாவிட்டால் மேளம் கட்டாமலே, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்காமலே, அனுப்பிவிட்டு அங்கே யாரையாவது வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். தந்தியைத் தளர்த்தி, சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, தண்டிக்கு அடியில் இடைவெளி இல்லாமல் ஃபோம் கொடுக்க வேண்டும். மரப்பெட்டி என்றால் சூடேற்றிப் பதப்படுத்திய மரமாக, கதிர் படம் போட்ட அந்தச் சர்வதேச முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். ஊர் ஆசாரி அடித்த பச்சை மரப் பெட்டி அந்தப் பக்கம் எல்லையிலேயே திரும்பிவிடலாம். பிளைவுட் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மூடியை அடிப்பதற்கு முன் உள்ளே பொருள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். கூடவே இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு இடித்தால் சிவப்பாகிற ஷாக் ஸ்டிக்கர் கிடைத்தால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள், மேலே கீறலே இல்லாத பெட்டிகளுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

தாத்தா காலத்து வீணை, பாட்டியின் புடவை என்றால் பில் இருக்காது. அப்போது அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம், கடையோ கைவினைஞரோ, லெட்டர்பேடில் மதிப்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தேதி அனுப்புவதற்கு முந்தையதாக இருக்கட்டும். பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அனுப்பவே கூடாது, பிடிபட்டால் பறிமுதல். அரசு பறிமுதல் செய்ததற்கு எந்தச் சரக்கு பாலிசியும் பணம் தராது. சுவாமிமலைப் படிமங்களுக்கும் இதே கதைதான். நேற்று வார்த்த சிலையாக இருந்தாலும், இது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் அல்ல என்று மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். தங்க நகை? கூரியரில் வேண்டாம். அநேகமாக எல்லா கூரியர் பாலிசிகளும் தங்கத்தையும் ரொக்கத்தையும் வெளியே வைத்துவிடுகின்றன.

அந்தப் பக்கம் வாங்குகிறவருக்கு நீங்கள் ஒரு போன் போட்டே ஆக வேண்டும். பெட்டி வந்த அன்றே திறக்கச் சொல்லுங்கள், நல்ல நாள் பார்க்க வேண்டாம். பூஜையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். திறப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுக்கட்டும், பெட்டியையும் ஃபோமையும் தூக்கிப் போட வேண்டாம். வெளியே நசுங்கல் தெரிந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே 'பெட்டி சேதம்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். டெலிவரிப் பையன் அவசரப்படுத்துவான், அவனுக்கு அடுத்த வீடு இருக்கிறது, பரவாயில்லை, நிற்கட்டும். உள்ளே சேதம் என்றால் 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், போன் பேசினது புகாரில் சேராது. தாமதத்துக்கு 21 நாள். வழக்கு என்று போனால் 2 வருடம். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று விமான நிறுவனத்துக்கு எழுதாமல் விடவும் கூடாது. பணம் கொடுத்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர்களிடம் வசூலிக்கப் போகும், அந்த உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டால் உங்கள் கிளெய்மிலேயே கை வைப்பார்கள். அமெரிக்கா, கனடாவில் ஆள் இல்லாவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. விலை உயர்ந்த பெட்டிக்கு 'வயது வந்தவர் கையெழுத்து கட்டாயம்' என்ற சேவையைக் காசு கொடுத்துப் போடுங்கள், வாசலில் வைத்த பிறகு திருடு போனால் டெலிவரி முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கிளெய்மை மறுத்தால்? உங்களிடம் இருப்பது எந்தத் தாள் என்பதைப் பொறுத்தது. கூரியர்காரரிடம் மதிப்பு அறிவித்ததோடு சரி என்றால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. உங்கள் பெயரில் இன்ஷூரன்ஸ் சான்றிதழ் இருந்தால், தனிநபராக இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுதிப் பாருங்கள், மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. போகும்போது இன்வாய்ஸையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே விலைதானா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.