வில்லங்கச் சான்றும் பட்டச் சான்றும்

ஒவ்வொரு வருடமும் சேர்க்கை மேசையில் உட்காருகிறேன். இருபது வருடமாக ஒரே கேள்வி: "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும் சார்?" நான் வரலாற்றுத் துறை. கொஞ்சம் பயத்தோடுதான் பதில் சொல்வேன்.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர் வேறு எதைக் கேட்பார்? ஆனால் ஊரில் வேறு கேள்வியே எழுவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதும் 28.4 சதவீதம். இவ்வளவு பிள்ளைகளை அனுப்புகிறோம். எதற்கு என்று டீக்கடையில்கூடப் பேச்சில்லை. கட் ஆஃப் பற்றிப் பேசுகிறோம், அது வேறு.

பள்ளிக்கூடத்துக்காவது 2009 கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தன்னாட்சிக் கல்லூரியில் எதைக் கற்பிப்பது என்று பேசும் பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்கள், வெளி வல்லுநர்கள், முன்னாள் மாணவர் ஒருவர், தொழில் நிறுவனப் பிரதிநிதி ஒருவர். நிறுவனத்துக்கு நாற்காலி போட்டிருக்கிறோம், ஊருக்குப் போடவில்லை. அந்தக் கூட்டக் குறிப்புகளைப் பல கல்லூரிகள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, எங்கள் துறையில் பெற்றோரை அழைத்து, "உங்க பிள்ளை மூணு வருசத்துல என்ன கத்துக்கணும்?" என்று கேட்டோம். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் பஸ் நேரம், கழிப்பறை என்று குறைகள் வந்தன. நியாயமான குறைகள்தான். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"எங்க நிலத்து வில்லங்கச் சான்றை இவகிட்ட குடுத்தேன் சார். புரியலன்னு திருப்பிக் குடுத்துட்டா. பத்திரம் எழுதுறவருக்குக் காசு குடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

இராஜராஜன் நிலம் அளந்த கதையையும், உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய மன்றோவின் ரயத்துவாரி முறையையும் அந்தப் பெண்ணுக்கு நடத்தியவன் நான்தான். அதில் அவளுக்கு நல்ல மதிப்பெண் வேறு.

அடுத்த குழுக் கூட்டத்தில், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று வாசிப்பதை ஓர் அலகாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நிறுவனப் பிரதிநிதி மட்டும், "சேருங்க சார், போன மாசம் வீடு வாங்கினப்ப எனக்கே ஒண்ணும் புரியல" என்றார்.