முகாம் தமிழருக்கு 2025 விலக்கு ஆணை: கிடைத்தது எது, கிடைக்காதது எது?

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நாடாளுமன்றம் இயற்றியது. இதையொட்டி உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது இந்தத் தண்டனை பாயாது.

"அப்படியானால் குடியுரிமை கிடைத்துவிடுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்காது.

யார் குடிமகன் என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 11ஆவது உறுப்பு நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு வலியுறுத்தலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு வெளிநாட்டவரை உள்ளே விடுவதா, தங்கவிடுவதா, திருப்பி அனுப்புவதா என்பதெல்லாம் 1946 வெளிநாட்டினர் சட்டத்தின் காலத்திலிருந்தே அரசு ஆணைகளின் வழியாகத்தான் நடக்கிறது. வெளியேற்றுவதில் மத்திய அரசுக்கு உள்ள அதிகாரம் வரம்பற்றது என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்த இரண்டு அதிகாரங்களும் சேர்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2014 டிசம்பர் 31க்குள் வந்த பாகிஸ்தான், பங்களாதேஷ் சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் அரசு விலக்கு அளித்தது. மறு ஆண்டு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அதே மூன்று நாடுகளையும் அதே கடைசித் தேதியையும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆணை முன்னே போனது, சட்டம் பின்னே வந்தது. அந்தச் சட்டத்துக்கான விதிகளோ 2024 மார்ச் 11இல்தான் வெளியாயின. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒன்றை நிர்வாகம் நாலு வருஷத்துக்கு மேல் கிடப்பில் வைக்க முடிகிறது என்பது கவலைக்குரியது.

இலங்கைத் தமிழருக்கு ஆணை மட்டுமே வந்திருக்கிறது. ஆவணமின்றி வந்தவரைக் குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அந்த முத்திரை இருக்கும்வரை குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அதை நீக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆணையையோ அரசு நினைத்தால் இன்னோர் அறிவிப்பின் மூலம் திரும்பப் பெறலாம். நாற்பது வருஷமாக இங்கே வாழும் குடும்பங்களை இப்படியொரு காகிதத்தை நம்பி விடுவது நியாயமில்லை.

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரே முகாமில் 1986இல் அண்ணனும் 1988இல் தங்கையும் பிறந்திருந்தால், அண்ணன் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் தங்கை அப்படியல்ல. 1987 ஜூலை 1 என்ற கோட்டைப் போட்டது நாடாளுமன்றத்தின் சட்டத்திருத்தம். அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவருக்கு இந்த விலக்கு ஆணையே தேவையில்லை. பிறப்புச் சான்றிதழை வைத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மண்டபம் முகாமில் அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.